இன்ஸ்டாலர் எப்போது கேட்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும்: ஒரு சர்வீஸ்காரனின் அனுபவம்

சென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கத்துக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்வது என் பிழைப்பு. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை பில்லிங் கவுன்ட்டர், மீன் ஏலக் கமிஷன் கடையின் கணக்கு லேப்டாப், ஜெராக்ஸ் கடை என்று பல இடங்களில் விண்டோஸும் லினக்ஸும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். 'நிச்சயமா?' என்று இன்ஸ்டாலர் (அவற்றை மெஷினில் நிறுவித் தரும் புரோகிராம்) கேட்டதால் மட்டும் யாருடைய டேட்டாவும் பிழைத்து நான் பார்த்ததில்லை. திரும்ப முடியாத இடத்தில், எது போகப்போகிறது என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பயன்.

விண்டோஸ் இன்ஸ்டாலரில் நான் அதிகம் பயப்படுவது பார்ட்டிஷன் திரைக்குத்தான், அதாவது டிஸ்க்கைப் பகுதி பகுதியாகக் காட்டும் திரைக்கு. கடைக்காரருக்குத் தெரிந்தது சி டிரைவ், டி டிரைவ். அங்கே அந்த எழுத்துகளே வராது. டிஸ்க் எண், பார்ட்டிஷன் எண், அளவு, இவ்வளவுதான். டெலீட் கொடுத்தால் எச்சரிக்கை வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதிலுள்ள டேட்டா போய்விடும் என்று பொதுவாகச் சொல்லுமே தவிர, உள்ளே ஐந்து வருட ஜிஎஸ்டி பில் கிடக்கிறது என்று சொல்லாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) வாங்கி வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து மாட்டினால் இன்னும் குழப்பம். எது டிஸ்க் 0, எது டிஸ்க் 1 என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். அதனால் இன்ஸ்டால் முடியும்வரை பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடுவேன். பிடுங்க முடியாத லேப்டாப் என்றால், டி டிரைவுக்கு முன்கூட்டியே 'பில்லிங்' என்று பெயர் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். பெயர் இருந்தால் அந்தத் திரையிலும் அது தெரியும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது டெபியன் என்ற லினக்ஸின் இன்ஸ்டாலர். பார்ட்டிஷனில் என்ன மாற்றினாலும் முதலில் அது வெறும் திட்டம்தான். கடைசியில் எதெல்லாம் ஃபார்மட் ஆகும் என்று பட்டியல் போட்டு, டிஸ்க்கில் எழுதட்டுமா என்று கேட்கும். பதில் 'நோ'வில் நிற்கும். என்டரைத் தட்டிக்கொண்டே போகிற ஆள் அங்கே முட்டி நிற்பான். (எல்விஎம் என்ற டிஸ்க் பகிர்வு முறையோ, கீ இல்லாமல் டேட்டாவைப் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ஷனோ போட்டால் நடுவிலேயே ஒருமுறை எழுத வேண்டிவரும். அப்போதும் கேட்டுவிட்டுத்தான்.) குறை என்னவென்றால், உப்புச்சப்பில்லாத கேள்விகளையும் நடுவழியில் வைத்திருப்பது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பேக்கேஜ் (சாஃப்ட்வேர் தொகுப்பு) பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சேர்கிறீர்களா என்று கேட்டபடி அப்படியே நிற்கும்.

எதற்கெடுத்தாலும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் விஸ்டாதான் சாட்சி. 2007இல் வந்த அதன் யூஏசி (ஒரு புரோகிராம் மெஷினில் மாற்றம் செய்யப்போகும்போது அனுமதி கேட்கும் வசதி) தொல்லை தாங்காமல் பலர் அதையே அணைத்துவிட்டார்கள். 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது கேள்விகளைக் குறைத்தார்கள். இன்றைக்கும் உள்ளூரில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிற சின்ன ஆட்களில் பலர் சாஃப்ட்வேர் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துக்குச் செலவு செய்வதில்லை. அதனால் 'அன்நோன் பப்ளிஷர்' என்ற மஞ்சள் பட்டை நல்ல சாஃப்ட்வேருக்கும் வருகிறது, வைரஸுக்கும் வருகிறது. கவுன்ட்டர் பையன் என்ன செய்வான்? "ஏதோ கேட்டுச்சுணா, எஸ் குடுத்துட்டேன்" என்கிறான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

விஷயம் தெரிந்தவர்களும் இப்படித்தான். 2021 நவம்பரில் வெளியான வீடியோவில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் சாஃப்ட்வேரைப் போடப் போனார். பேக்கேஜ் பிழையால் டெஸ்க்டாப் திரையையே நீக்க வேண்டும் என்று ஏபிடி (அந்த லினக்ஸில் பேக்கேஜ்களைப் போடவும் நீக்கவும் உள்ள புரோகிராம்) சொன்னது. நீண்ட பட்டியலைக் காட்டி, 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார், டெஸ்க்டாப் போயிற்று. கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கு அவர் மேல் கோபமில்லை. ஸ்டீம் வேண்டும் என்று வந்தவர் கண்ணுக்கு அந்தப் பட்டியல் வெறும் எழுத்துக் குப்பைதான். 'உங்கள் டெஸ்க்டாப் போய்விடும்' என்று ஒரு வரி மேலே இருந்திருக்கலாம். பிறகு ஏபிடியே மாறியது. அத்தியாவசியப் பேக்கேஜை நீக்க இப்போது தனி ஆப்ஷன் கொடுத்தாக வேண்டும்.

கேட்க வேண்டிய இடத்தில் வாயே திறக்காத சாஃப்ட்வேர்களும் உண்டு. ஒரு பில்லிங் சாஃப்ட்வேர், பெயர் வேண்டாம், அப்டேட் ஆன கையோடு டேட்டா ஃபைலைப் புது வடிவத்துக்கு மாற்றிவிட்டது. அதற்கப்புறம் பழைய வெர்ஷனில் அது திறக்காது. ஆடிட்டர் ஆபீஸில் இருந்ததோ பழைய வெர்ஷன். தீபாவளி வியாபாரம் சூடு பிடித்த நேரம் வேறு. முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். இந்த இடத்தில் கேள்விகூடத் தேவையில்லை என்பேன். மாற்றுவதற்கு முன்னால் பழைய ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்து, இங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். திரும்ப வர வழி இருக்கும்போது எதற்குக் கேள்வி?

பயாஸ் (மெஷினைத் தொடக்கிவைக்க மதர்போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) அப்டேட் இதற்கு நேர் எதிர். பாதியில் கரன்ட் போனால் போர்டே போகலாம். பல லேப்டாப்கள் சார்ஜர் செருகாமல் அப்டேட்டைத் தொடங்கவே விடாது. டெஸ்க்டாப்புக்கு அந்த வசதி இல்லை. யூபிஎஸ் இருக்கிறதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் நான் அந்த வேலையைத் தொடுவதே இல்லை.

புதுத் தலைவலி என்கிரிப்ஷன். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால், தகுதியுள்ள மெஷினில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் ரெக்கவரி கீ அந்தக் கணக்கில் போய் உட்காரும். திருட்டுப்போகிற லேப்டாப்புக்கு நல்லதுதான். ஆனால் எங்கள் கடைகளில் அந்தக் கணக்கு, வேலையை விட்டுப்போன பையனின் போன் நம்பரில் தொடங்கியதாக இருக்கும். போர்டு மாற்றிய பிறகு கீ கேட்டால் யாரைத் தேடுவது? அதனால் இப்போது விண்டோஸ் போட்டு முடித்ததும் செட்டிங்ஸில் அதைப் பார்த்து, வேண்டுமா என்று கடைக்காரரிடம் நானே கேட்டுவிடுகிறேன். வேண்டும் என்றால் அந்த 48 இலக்கக் கீயை அச்சடித்து, ஜிஎஸ்டி ஃபைலோடு வைக்கச் சொல்கிறேன்.