சேலத்தில் ஃபெல்ஸ்பார் மாவு வாங்குகிறவர்கள் கவனிக்க: மூட்டைக்குள் வெள்ளைக்கல் இருக்கிறது

கருப்பூர் பக்கத்து அரவை மில் ஒன்றிலிருந்து 50 கிலோ மூட்டை 40, "பொட்டாஷ் ஃபெல்ஸ்பார், 200 மெஷ்" என்று பில் போட்டு எங்கள் மட்பாண்டப் பட்டறைக்கு வந்தது. ஃபெல்ஸ்பார் என்பது கிளேஸை, அதாவது பாண்டத்தின் மேல் கண்ணாடி போல் படியும் பூச்சை, உருக்கித் தரும் கல். வந்த மாவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மக்னசைட், அதாவது வெள்ளைக்கல். மில்லின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறோம்.

கிளேஸ் கலவை பழையதுதான்: ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் மாவு 20, சீனக்களிமண் 10. சூளை 1260 டிகிரி. புது மாவில் கலந்த முதல் சூளையிலேயே கிண்ணங்களின் விளிம்பிலும் கைப்பிடி ஒட்டிய இடத்திலும் கிளேஸ் சுருண்டு விலகி, அடிமண் வழுக்கையாகத் தெரிந்தது. மற்ற இடங்களில் பளபளப்பு செத்துப்போயிருந்தது. பிஸ்கட்டில் (கிளேஸ் பூசுவதற்கு முன் ஒருமுறை சுட்ட பாண்டம்) தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் இப்படி விலகும் என்பதால், கழுவித் துடைத்த பிஸ்கட்டில் மறுபடி போட்டுப் பார்த்தோம். அதே வழுக்கை.

காரணம் இதுதான். மக்னசைட் சுடும்போது தன் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயுவாக விட்டுவிடும். பூச்சு சுருங்கி, உருகுவதற்கு முன்பே வெடிப்பு விழும். மிஞ்சுகிற மக்னீசியா, உருகிய கிளேஸின் பரப்பு இழுவிசையைக் கூட்டுவதால் அந்த வெடிப்பு மூடிக்கொள்ளாமல் இன்னும் விலகுகிறது. போதாக்குறைக்கு, உருக்கித் தரவேண்டிய பொட்டாஷும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது.

விற்றவர்கள் நம் கண்முன்னாலேயே மாவில் ஆசிட் விட்டுக் காட்டினார்கள். பொங்கவில்லை. இந்தச் சோதனையை நம்பாதீர்கள். சுண்ணாம்புக்கல் கலந்திருந்தால் குளிர்ந்த ஆசிட்டிலேயே நுரைக்கும். மக்னசைட் அப்படி இல்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் மாவைப் போட்டு, அந்தக் குவளையை வெந்நீரில் வைத்துச் சூடேற்றினால்தான் குமிழி கிளம்பும். திறந்த வெளியில், ஆவி முகத்தில் படாமல் செய்யுங்கள்.

ஐயமில்லாமல் காட்டிக்கொடுப்பது எடைதான். மூட்டையின் நடுவில் குத்தூசி விட்டு மாவு எடுங்கள். வாயில் அள்ளியது கணக்கில்லை. 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவையுங்கள், இல்லாவிட்டால் ஈரமும் இழப்பில் சேர்ந்துவிடும். ஏற்கெனவே சுட்டு எடை போட்ட பிஸ்கட் கிண்ணத்தில் 100 கிராம் வைத்து, அடுத்த பிஸ்கட் சூட்டோடு 1000 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஆறியதும் உடனே எடை போடுங்கள். நல்ல ஃபெல்ஸ்பார் ஒரு கிராம்கூட இழக்காது. சுத்தமான மக்னசைட் 52 கிராம் இழக்கும், சுண்ணாம்புக்கல் 44. எங்கள் மாவு இழந்தது 7.8 கிராம். ஃபெல்ஸ்பாரின் சொந்த இழப்பு என்று அரை கிராம் கழித்தால், மக்னசைட் கணக்கில் அது நூற்றுக்கு 14. 2 டன் சரக்கில் 280 கிலோ.

கேட்டபோது, "முந்தின நாள் வெள்ளைக்கல் அரைச்சோம், மில்லுல ஒட்டியிருந்தது வந்திருக்கும்" என்றார்கள். சேர்வராயன் மலையடியில், வெள்ளைக்கல் கரட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரில் இந்தப் பதில் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டியிருந்தது என்றால் முதல் சில மூட்டையோடு தீர்ந்திருக்க வேண்டும். 1, 20, 40ஆம் மூட்டைகளில் எடுத்த மாவு மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு இழந்தது. அளந்து கலக்காமல் அப்படி வராது.

கூடவே ஒரு லேப் ரிப்போர்ட்டும் தந்திருந்தார்கள்: பொட்டாஷ் 11.5, சோடா 2.6, எரிப்பு இழப்பு (சுடும்போது குறையும் எடை) 0.4. எண்கள் அருமையானவை. லாட் நம்பர் மட்டும் இல்லை. "கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும்" என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நாங்கள் வாங்கும்போதே படித்திருக்க வேண்டும்.

சோடா ஃபெல்ஸ்பாரைப் பொட்டாஷ் என்று தள்ளிவிடுவதை எடைச் சோதனை காட்டாது. அதற்குப் பழைய நல்ல மாவையும் புதியதையும் சின்னக் கூம்பாக அழுத்தி, ஒரே ஓட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து 1260இல் சுடுங்கள். பொட்டாஷ் பால் நிறத்தில் கெட்டியாக உட்காரும், சோடா இளகிப் பரவும், குவார்ட்ஸ் கலந்திருந்தால் சொரசொரப்பாக நிற்கும்.

சொந்தமாக பால் மில் (ball mill, குண்டுகள் போட்டு அரைக்கும் உருளை) இருப்பவர்கள் கல்லாகவே வாங்குங்கள். ஃபெல்ஸ்பார் தட்டையான பளபளப்பு முகங்களாக உடையும். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கண்ணாடிச் சில்லு போல வளைந்து உடையும். மக்னசைட் மங்கல் வெள்ளை, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கும். அரைத்துவிட்டால் மூன்றும் ஒரே வெள்ளை.

சண்டை போட்டபின் மீதி 34 மூட்டையை மில் திரும்ப எடுத்துக்கொண்டது. பணத்தில் பாதிதான் வந்தது. அந்த மூட்டைகள் மறுபடி விலைக்கு வரும் என்றே நினைக்கிறோம். வாய் பச்சை நூலால் தைத்தது, அவற்றில் இரண்டில் பக்கவாட்டு நடுவில் நாங்கள் குத்தூசி போட்ட துளை இருக்கும்.