எண்ணெய் போட்ட கப்பியும் ஒரு குட்டி ரெக்கார்டரும்

மேலூரில் முப்பது வருடமாக மைக்செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எழவு வீடு என்று எல்லாவற்றுக்கும் சத்தம் போட்டுக் கொடுத்த ஆள் நான். இப்போது சட்டைப் பையில் அடங்குகிற ரெக்கார்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சத்தம் பொறுக்கித் திரிகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. "வாங்கலாமாண்ணே?" என்று கேட்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த அளவில், இந்த விலையில் நாலைந்து கம்பெனிகள் போடுகின்றன, நான் சொல்லப்போவது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கின காரணம் ஒரு பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகள் நாடகத்துக்கு "சத்தமெல்லாம் நீங்களே போட்டுருங்கண்ணே" என்று டீச்சர் சொல்லிவிட்டார். நெட்டில் தேடி எடுத்துப் போட்டேன். டவுன்பஸ் வருகிற இடத்தில் ஏதோ வெளிநாட்டு லாரி ஹாரன். போலீஸ் வருகிற இடத்தில் அமெரிக்கச் சைரன். "டேய், மேலூருக்கு இங்கிலீஷ் போலீஸ் வந்துருச்சுடா" என்று பின்வரிசையில் ஒருத்தன் கத்த, அழ வேண்டிய காட்சியில் கூட்டமே சிரித்தது. கதாநாயகியாக நடித்த பெண் மேடையிலேயே அழுதுவிட்டாள். அடுத்த வாரம் மதுரைக்குப் பஸ் ஏறி டவுன்ஹால் ரோட்டில் இதை வாங்கினேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

கருவி பார்க்க முகச்சவர மிஷின் மாதிரி இருக்கும். தலையில் ஒரு கம்பிக்கூடு, அதற்குள் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் குறுக்காகப் பார்க்கிற இரண்டு மைக். இடது வலது சுத்தமாகப் பிரிகிறது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால், சிவகங்கை வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். இரண்டு குட்டி பேட்டரி, ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு ஜிபி. 32 ஜிபி கார்டில் முப்பது மணி நேரம் பதியலாம், மறுபடி கேட்கத்தான் நேரம் கிடைக்காது.

முதலில் ஏமாந்தது பதிகிற சத்தத்தின் அளவு வைப்பதில். கேசட் காலத்து ஆள் நான். முள் கொஞ்சம் சிவப்புக்குள் போனாலும் டேப் தாங்கிக்கொள்ளும், கேட்கச் சூடாகக்கூட இருக்கும். இதில் மீட்டரில் பூஜ்ஜியம் டெசிபல்தான் கூரை. அதைத் தாண்டினால் சத்தத்தின் தலையைச் சீவிவிடுகிறது, அப்புறம் எந்தக் கொம்பனாலும் ஒட்டவைக்க முடியாது. பெரிய சத்தம் மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. இப்போது 32 பிட் ஃப்ளோட் என்று, பதிந்த பிறகும் அளவை இறக்கிச் சரிசெய்ய விடுகிற மாதிரி வருகிற கருவிகளில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. கூடுதல் காசு கையில் இருந்தால் அதை வாங்குங்கள். ஆனாலும் மைக் தாங்குகிற அளவுக்கு மேல் போனால் அதுவும் கைவிரித்துவிடும்.

இதை நான் கற்றது ஒரு பரோட்டாக் கடையில். மதுரைச் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது கொத்துப் பரோட்டா கொத்துகிற சத்தம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்லிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன், அத்தனையும் கிழிந்து போயிருந்தது. அடுத்த நாள் நாலு முழம் தள்ளி நின்றால் கல்லாவில் சில்லறை விழுகிறது, பார்சல் கட்டுகிற பையன் பாடுகிறான். தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடும் என்பது மைக்செட்காரனுக்குப் பாலபாடம், அதையே மறந்துவிட்டு நின்றேன். சரி என்று ஒரு முழத்துக்கே திரும்பி வந்து, அளவை நன்றாக இறக்கிவைத்தேன். இப்போது வேறு தொல்லை. மாஸ்டர் கருவியைப் பார்த்துவிட்டார். கச்சேரிக்கு வாசிக்கிறவர் மாதிரி நிதானமாக, அழகாக, தாளம் பிசகாமல் கொத்துகிறார். "வழக்கமா கொத்துற மாதிரி கொத்துங்கண்ணே" என்றேன். "இதுதாம்ப்பா வழக்கம்" என்றார். முடிந்தது என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றி, கருவியை மட்டும் முட்டை அட்டை மேல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். எட்டரை மணிக் கூட்டம் வந்து, எவனோ "மாஸ்டர், எம்புட்டு நேரம்?" என்று கத்தவும் கொத்தினார் பாருங்கள், அதுதான் நான் வைத்திருப்பது. நாற்பது விநாடி. கடைசியில் கரண்டியைக் கல்லில் தட்டி உதறுகிற சத்தம்கூட விழுந்திருக்கிறது.

குறை என்றால் மூன்று. பிளாஸ்டிக் உடம்பு, விரல் நகர்ந்தாலே கடகடவென்று உள்ளே கேட்கும். கையில் பிடித்துப் பதிவதை மறந்துவிட்டு ஒரு சின்ன முக்காலியில் மாட்டிவிடுங்கள். இரண்டாவது, காற்று. வெறும் மைக்கோடு வெளியே போனால் சித்திரை மாதக் காற்றில் லாரி போவது மாதிரிதான் கேட்கும். முடி வைத்த உறை தனியாக விற்கிறார்கள், அந்த விலைக்கு மனசு வரவில்லை. மகள் விளையாடித் தூக்கிப்போட்ட கரடிப் பொம்மையின் தோலை உரித்து என் சம்சாரம் தைத்துக் கொடுத்தாள். பார்க்க எலி மாதிரி இருக்கிறது, வேலை பிரமாதம். மூன்றாவது, கருவிக்கே ஒரு 'ஸ்ஸ்' உண்டு. பஸ் ஸ்டாண்டில் தெரியாது. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, எங்கள் ஊருக்குப் பக்கத்து அரிட்டாபட்டி, அந்த மலையடிவாரத்தில் விடிகாலை உட்கார்ந்தால் தெரியும். தூரத்துக் குருவிக்காக அளவை ஏற்ற ஏற்ற, குருவியோடு சேர்ந்து இந்த ஸ்ஸும் ஏறும். திடீரென்று பக்கத்தில் ஒரு மயில் அகவினால் காது போய்விடும், எச்சரிக்கை.

அமைதியான இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் வருடத்து விதியை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன், எத்தனை முறை போலீஸிடம் கெஞ்சியிருப்பேன்! இப்போது அந்த எட்டு மணி நேரம்தான் என் முகூர்த்த நேரம். ஆடி மாதம் மட்டும் பகலில் கருவியை எடுப்பதே இல்லை. நாலு தெருவிலும் குழாய் ஸ்பீக்கர். அதில் இரண்டு என்னுடையது, யாரிடம் போய் முறையிடுவது?

வீட்டுக்குள் என்றால் ஃப்ரிட்ஜை அணைத்துவிட வேண்டும், அந்த ரீங்காரம் எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி போட மறந்து ஒரு தடவை பாலும் மாவும் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத்தான் அணைப்பது. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வெளியே போக முடியாது பாருங்கள். அப்படிப் பதிந்ததில் தேறியது எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம். நாடகத்தில் அதை மழை என்று போட்டேன், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. நிஜ மழையைத் தகரக் கூரையில் பதிந்து போட்டபோது "என்னண்ணே, கரகரங்குது, மைக்கு ரிப்பேரா?" என்றார்கள்.

பேட்டரி சார்ஜ் பண்ணுகிற ரகம் என்றால் மெனுவில் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்பதைத் தப்பாகக் காட்டும். பேட்டரியைக் கழற்றி ரொம்ப நாள் வைத்தால் தேதி அழிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் இடம், நாள், எவ்வளவு தூரம் என்று வாயாலேயே சொல்லிவிடுவேன். பெயர் வைக்காத நானூறு கோப்புகளைத் திறந்து திறந்து பார்த்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். நல்லதாகத் தேறினவற்றை என் மச்சான் மகன் ஃப்ரீசவுண்ட் என்கிற இணையதளத்தில் ஏற்றிவிடுகிறான். பார்சிலோனாவில் ஒரு பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கியது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், எடுக்கலாம். எடுக்கிறவர்கள் ஒவ்வொரு ஒலிக்கும் கீழே இருக்கிற நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள். சிலதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூண் சத்தம் இருக்கிறதா என்று ஒருத்தர் கேட்டிருந்தார். 2018-லிருந்து செல்போனுக்கே உள்ளே இடமில்லை, இதை எங்கே கொண்டுபோவது?

ஒரே ஒரு சத்தத்துக்காக மூன்று மாதம் அலைந்தேன். கிணற்றுக் கப்பி. கயிறு இழுக்க இழுக்க 'க்ரீச்... க்ரீச்' என்று அழுமே, அது. எங்கள் பக்கத்தில் எந்தக் கிணற்றைப் பார்த்தாலும் மோட்டார். கடைசியில் அழகர்கோயில் போகிற வழியில் ஒரு வீட்டுக் கொல்லையில் கண்டுபிடித்தேன். தெருவிலிருந்தே கேட்டது, ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு அப்பத்தா தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குக் கருவி கையில் இல்லை. "நாளைக்கு விடியக்காலம் வர்றேன் அப்பத்தா, இந்தச் சத்தத்தைப் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் ஐந்து மணிக்குப் போய், முக்காலி வைத்து, எலித்தோலை மாட்டி, அளவு பார்த்து, இழுங்க என்றேன். இழுத்தார். வாளி மேலே வந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை.

"ஆளு வருதேன்னு நேத்து ராத்திரியே எண்ணெ விட்டு வச்சேன்யா" என்றார்.

அப்புறம் மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து, துரு ஏறட்டும் என்று மாதம் ஒரு தடவை எட்டிப் பார்த்து, தை மாதத்தில் பதிந்தேன். இரண்டரை நிமிடம், இடையில் வாளி கிணற்றுச் சுவரில் இடிக்கிற சத்தத்தோடு. ஹெட்போனை அப்பத்தா காதில் மாட்டினேன். முழுசும் கேட்டார்.

"இந்தக் கருமத்துக்குத்தான் எங்க வீட்டுக்காரரு தெனமும் வய்யும்" என்றார். "சரி, புடிச்சிட்டேல்ல? இனி எண்ணெ விட்டுக்கிறவா?"

விட்டுக்கொள்ளச் சொன்னேன்.