ரோட்டா மருந்து: இரண்டு தவணையா, மூன்று தவணையா?

இரண்டாம் மாதக் கிளினிக்கில் பிள்ளைக்குப் பென்டா ஊசியும் போலியோச் சொட்டும் போலியோ ஊசியும் கிடைத்துவிடும். எல்லாம் இலவசம். பிள்ளைகளுக்குக் கடும் வயிற்றோட்டம் தரும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் மருந்து அந்த அட்டவணையில் இல்லை. வேண்டுமென்றால் தனியார் டொக்டரிடமோ தனியார் ஆஸ்பத்திரியிலோ காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கொடுப்பதென்று முடிவானதும் அடுத்த கேள்வி வரும்: இரண்டு தவணையில் முடியும் ரோட்டாரிக்ஸா, மூன்று தவணை ரோட்டாடெக்கா?

திருகோணமலைப் பிள்ளைக்கு நாங்கள் சொல்வது ரோட்டாரிக்ஸ். நோயைத் தடுக்கும் திறனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தவணைகளை வயது எல்லைக்குள் முடிப்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடலாம். இரண்டுமே உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். இரண்டும் வாயால் கொடுப்பவை. இரண்டையும் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவே கூடாது. பென்டா, போலியோ கொடுக்கும் அதே நாளில் கொடுக்கலாம். தாய்ப்பாலை முன்னும் பின்னும் நிறுத்தத் தேவையில்லை. ரோட்டா அல்லாத கிருமியால் வரும் வயிற்றோட்டத்தை இரண்டுமே தடுக்காது. அதனால் வயிற்றோட்டத்தில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிப் பைக்கற் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு பைக்கற்றுக்கு 1 லீற்றர் கொதித்து ஆறிய நீர். கரைத்து 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும்.

உள்ளே இருப்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளின் சிறுகுடல் திசுவில் இந்த வைரஸைக் கண்டார்கள். மனிதரில் அது பல வகையாகச் சுற்றுகிறது. ரோட்டாரிக்ஸில் இருப்பது ஒரே ஒரு மனித வகை, ஜி1பி[8] (ஜி, பி என்பவை வைரஸின் வெளிப்புறப் புரதங்கள்). ரோட்டாடெக்கில் மாட்டு வைரஸை அடியாக வைத்து, ஜி1, ஜி2, ஜி3, ஜி4, பி[8] என ஐந்து மனிதப் புரதங்களை ஏற்றியிருக்கிறார்கள். ஐந்து ஒன்றைவிடப் பெரிதுதானே என்று கேட்பது நியாயம். ஆனால் வைரஸின் வகையை மட்டும் பார்த்து உடல் எதிர்ப்பைக் கட்டுவதில்லை. மெக்சிக்கோவில் பிறந்தது முதல் பின்தொடர்ந்த பிள்ளைகளில், எந்த வகையாக இருந்தாலும் இரண்டு தரம் ரோட்டா தொற்றியவர்களுக்கு அதன் பிறகு கடுமையான ரோட்டா வயிற்றோட்டம் வரவில்லை. அந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. இரண்டு தவணை போதும் என்ற எண்ணத்துக்குப் பலம் சேர்ப்பது அதுதான்.

இதற்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக் குழுவினர் அங்குள்ள 373 பிள்ளைகளைப் பிறந்தது முதல் பின்தொடர்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று தரம் தொற்றிய பிறகும் நடுத்தர, கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79% மட்டுமே. எங்கள் பக்கத்துக் குடலுக்குக் கூடுதல் தவணை தேவை என்று வாதிடுபவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். வலுவான வாதம். ஆனால் தடுப்பு மருந்துச் சோதனைகளை எடுத்துப் பார்த்தால், செல்வந்த நாடுகளில் இரண்டு மருந்தும் கடுமையான நோயை 90% சுற்றித் தடுக்கின்றன. குழந்தை இறப்பு மிகுந்த நாடுகளில் இரண்டுமே பாதிக்குச் சற்று மேல் வந்து நிற்கின்றன. மூன்றாம் தவணை அந்தச் சரிவை நிமிர்த்தியதாகத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே ஊரில் அருகருகே வைத்துக் கடும் நோயை எண்ணிப் பார்த்த பெரிய சோதனை கையில் இல்லாததால், இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டோம்.

இனிக் கலண்டர். முடிவு இதில்தான் இருக்கிறது.

இரண்டு மருந்துக்கும் முதல் தவணை 6 கிழமை நிறைந்த பிறகுதான். ரோட்டாடெக் பெட்டியில் உள்ள தாளின்படி முதல் தவணை 12 கிழமைக்குள். அமெரிக்க நடைமுறையில் இரண்டுக்கும் 14 கிழமை 6 நாள் வரை போகலாம். தவணைகளுக்கு இடையில் குறைந்தது 4 கிழமை. ரோட்டாரிக்ஸின் இரண்டாம் தவணை 24 கிழமைக்குள், ரோட்டாடெக்கின் மூன்றாம் தவணை 32 கிழமைக்குள். எல்லை வைத்ததற்குக் காரணம் உண்டு. 1998இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்தான ரோட்டாஷீல்ட், குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகும் நோயைக் கூட்டியதால் 1999இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செருகல் மருந்தில்லாமலே 3 மாதத்துக்குப் பிறகுதான் பிள்ளைகளில் கூடுகிறது. ஆகவே சின்ன வயதிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். வயிற்றோட்டச் சாவு மிகுந்த நாடுகளை மனதில் வைத்து உலக சுகாதார நிறுவனம் 2013இல் எல்லையைத் தளர்த்தியது உண்மை. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

செப்டெம்பர் 1 பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 6 கிழமை நிறைவது ஒக்டோபர் 13. கிளினிக்கின் இரண்டாம் மாத நாள் நொவம்பர் 1. 12 கிழமை முடிவது நொவம்பர் 24, 14 கிழமை 6 நாள் என்பது டிசம்பர் 14. இந்த நாட்களை மாரியோடு சேர்த்துப் பாருங்கள். நொவம்பரும் டிசம்பரும் எங்களுக்குப் பெருமழை. மகாவலி பெருகினால் மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் நீர் ஏறும். கொட்டியாரக் குடாவில் காற்று எழும்பினால் படகை நம்ப முடியாது. புல்மோட்டையிலிருந்து ரவுணுக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். கிளினிக்கில் ரோட்டா இல்லாததால் ஒவ்வொரு தவணையும் தனிப் பயணம்: ஒரு நாள் லீவு, ஓட்டோக் கூலி, மூத்த பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள்.

ரோட்டாரிக்ஸ் என்றால் ஒக்டோபர் 13ஐ அடுத்து, மழை இறுகுமுன் முதல் தவணையை முடித்துவிடலாம். இரண்டாவதை நொவம்பர் 10க்குப் பிறகு எப்போது வசதியோ அப்போது எடுக்கலாம். பெப்ரவரி 16 வரை இடமிருக்கிறது. வெள்ளம் வடிந்து ஜனவரியில் போனாலும் சரி. 16 கிழமைக்குள் முடிப்பது நல்லது என்று மருந்துத் தாள் சொல்கிறது, ஆனால் அதைத் தாண்டினால் வீண் என்று சொல்லவில்லை. ரோட்டாடெக் என்றால் விரைவாக முடிக்கும் கணக்கு ஒக்டோபர் 13, நொவம்பர் 10, டிசம்பர் 8. பின் இரண்டும் நடு மாரியில் விழுகின்றன. பொறுத்துப் பொறுத்துப் போனால் மூன்றாம் தவணைக்கு ஏப்ரல் 13 வரை நேரம் உண்டு. ஆனால் ஆறு மாதம் ஆன பிள்ளை நன்றாகத் தவழ ஆயத்தமாகி, தாயும் வேலைக்குத் திரும்பியிருப்பாள். மூன்றாவது தவணை நழுவுவது பெரும்பாலும் அங்கேதான். நழுவினால் எடுத்த இரண்டும் ஓரளவு காக்கும், ஆனால் அந்த மருந்தைச் சோதித்துப் பார்த்தது மூன்று தவணையோடுதான்.

குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் பிறந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும். "எதிர்பார்த்த திகதி"யிலிருந்து எண்ணி எல்லையைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. இலேசான தடிமலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். வயிற்றோட்டமோ சத்தியோ இருந்தால் அடங்கும் வரை பொறுக்கலாம்.

முதல் தவணை எடுத்த இடத்தில் அடுத்த முறை அதே மருந்து இல்லாமல் போகலாம். நடுவில் மாற்றினால், அல்லது முன்பு எடுத்தது எதுவென்று தெரியாவிட்டால், மொத்தம் மூன்று தவணை என்று கணக்கு. இரண்டு தவணையின் இலாபம் அத்தோடு போய்விடும். ஆகவே கிளினிக் கொப்பியில் திகதியோடு மருந்தின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் சிறு லேபலை உரித்து ஒட்டினால் இன்னும் நல்லது. இரண்டாவது தவணையையும் முதல் நாளே ஒதுக்கி வைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பாமசியில் வாங்கி டொக்டரிடம் கொண்டுபோவதென்றால் சூட்டைவிடக் கடுங்குளிரில் மருந்து கெடுவதே கூடுதல். ரெஜிபோம் பெட்டியில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பைக்கற்றை நேரே மருந்தோடு அணைத்து வைத்தால் உறைந்துவிடும், உறைந்தது வீண். ஐஸ் பைக்கற்றை மேசையில் வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்கும் வரை விட வேண்டும். பிறகு துணி சுற்றி, மருந்தைப் பெட்டியோடு நடுவில் வைக்க வேண்டும். ஐஸ் கட்டியை ஷொப்பிங் பையில் போட்டு மருந்தை மேலே வைத்து, நண்பகல் வெயிலில் பஸ்ஸில் போவது கூடாது. முடிந்தால் குளிர்பெட்டி உள்ள இடத்திலேயே வாங்கி அங்கேயே கொடுப்பது மேல்.

கொடுக்கும் விதம் மருந்துக்கு மருந்து வேறு. ரோட்டாரிக்ஸ் குழாயில் 1.5 மில்லிலீற்றர் நிறமற்ற திரவம். மூடியை இழுத்துக் கழற்றி, குழாயின் கழுத்தைச் சுண்டித் திரவத்தைக் கீழே இறக்கி, மூடியைத் தலைகீழாகத் திருப்பி அதன் நடுவில் உள்ள சிறு முள்ளால் குழாய் வாயில் உள்ள மெல்லிய படலத்தைக் குத்த வேண்டும். ரோட்டாடெக்கில் 2 மில்லிலீற்றர், இளமஞ்சள். அதன் மூடியை முதலில் வலப்புறம் இறுக்கித் துளை விழச் செய்து, பிறகு இடப்புறம் திருகிக் கழற்ற வேண்டும். நேரே கழற்றினால் துளை இருக்காது. பிள்ளையைச் சற்றுச் சாய்த்து, கன்னத்தின் உட்புறமாக மெல்ல மெல்லப் பிதுக்க வேண்டும். தொண்டைக்கு நேரே விட்டால் துப்பிவிடும். ரோட்டாரிக்ஸ் சில இடங்களில் ஊசிக் குழல் போன்ற கருவியில் வரும். அதைப் பார்த்து ஊசியாக ஏற்றிய தவறுகள் நடந்திருக்கின்றன. கொடுப்பவரிடம் "வாயாலதானே, டொக்டர்?" என்று ஒரு தரம் கேட்பதில் வெட்கம் இல்லை. பெரும்பகுதியைத் துப்பினால் ரோட்டாரிக்ஸை அதே வருகையில் ஒரு தரம் மீளக் கொடுக்கலாம் என்று தாளில் உண்டு. ரோட்டாடெக்கின் அமெரிக்கத் தாள் மீளக் கொடுக்கச் சொல்லவில்லை.

குடல் செருகலின் ஆபத்து இரண்டிலும் மிகச் சிறிது, 20,000 முதல் 100,000 பிள்ளைகளில் ஒன்று என்ற அளவில். இதை வைத்து ஒன்றைத் தேர முடியாது. ஆனால் முதல், இரண்டாம் தவணைக்குப் பின் ஒரு கிழமை கவனமாக இருக்க வேண்டும். விட்டு விட்டு வீறிட்டு அழுது காலை வயிற்றோடு மடித்தல், அடுத்தடுத்துச் சத்தி, மலத்தில் இரத்தமும் சளியும்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும் வரை பொறுக்காமல் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், ரோட்டா மருந்து எடுத்த திகதியைச் சொல்லுங்கள். முன்பு செருகல் வந்த பிள்ளைக்கும் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இரண்டு மருந்துமே கூடாது. மருந்து வைரஸ் சில நாட்கள் மலத்தில் வெளியேறும் என்பதால் நப்பி மாற்றியதும் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும்.

ரவுணுக்குள்ளேயே இருந்து, டொக்டர் வீட்டுக்கு நடந்து போகும் தூரமென்றால் ரோட்டாடெக்கையும் தயங்காமல் எடுக்கலாம். வேலூர்ச் சான்றை நினைத்தால் மூன்றாவது தவணை மனதுக்கும் ஆறுதல். இந்தியாவின் ரோட்டாவாக், ரோட்டாசீல் இரண்டும் 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி (தரம் பார்த்துக் கொடுக்கும் ஒப்புதல்) பெற்றவை, இரண்டுமே மூன்று தவணை. ரோட்டாசீலின் உலர்தூள் வடிவம் வெப்பம் தாங்கும் என்பது எங்கள் வெயிலுக்குப் பெரிய குணம். ஆனால் அவை இரண்டிலும் எங்களுக்குக் கை அனுபவம் குறைவு.

எதை எடுத்தாலும் பிள்ளை பிறந்த கிழமையே 6 கிழமை நாளையும் 14 கிழமை 6 நாளையும் கலண்டரில் வட்டமிட்டு, கொப்பியின் முதல் பக்கத்திலும் எழுதி வையுங்கள்.