ரொறன்ரோக் குளிரும் 95 சதவீத ஃபர்னஸும்: நீண்டகாலப் பாவிப்பில் தெரிந்தவை

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ், அதன் மேல் ஏசியின் குளிர்ச்சுருள், வெளியே ஏசியின் சூட்டை விடும் கண்டென்சர், சூட்டுக்கும் குளிருக்கும் பொதுவாகக் காற்றைத் தள்ளும் ஒரு புளோவர். ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும். ஜூலையில் 30 தாண்டிப் புழுங்கும். பல குளிர்காலம் ஓடிய ஃபர்னஸைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இயந்திரம் தானாகக் கெடுவது குறைவு, காற்றோ தண்ணீரோ போகும் வழி அடைபட்டு நிற்பதே அதிகம். அந்த அடைப்பில் பாதிக்கு மேல் வீட்டுக்காரரே நீக்கக்கூடியது.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வீட்டு எரிவாயு ஃபர்னஸ்கள் 95 சதவீதத் திறனாவது (எரிவாயுவின் சூட்டில் வீட்டுக்குள் சேரும் பங்கு) காட்ட வேண்டும் என்பது கனடிய விதி. புகையிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் இரண்டாவது வெப்பமாற்றி எடுத்துக்கொள்வதால்தான் இந்தத் திறன் கிடைக்கிறது. ஆறிய புகை பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரால் வெளியேறும். அமிலத்தன்மையுள்ள தண்ணீர் குளிர்காலம் முழுக்க வடிந்துகொண்டிருக்கும். பழைய புகைபோக்கி ஃபர்னஸில் இல்லாத இரண்டு தொல்லைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒன்று, வெளிக்குழாய். எரிவதற்குக் காற்றை இழுக்க ஒன்று, புகையை விட ஒன்று என்று சுவரில் இரண்டு குழாய் இருக்கும். பனி வாய்வரை குவிந்தால், காற்றோட்டத்தைக் கண்காணிக்கும் பிரஷர் சுவிட்ச் மின்சுற்றை இணைக்காது, ஃபர்னஸ் பற்றாது. ஃபர்னஸின் கதவுக்குள் சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னும். அந்த மின்னல் எண்ணிக்கையின் பொருள் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பெரும் பனிக்குப் பிறகும் இரண்டு குழாயையும் சுற்றி 30 செ.மீ. இடம் விடுங்கள். டிரைவ்வேயில் அள்ளும் பனியை அந்தச் சுவர்ப்பக்கம் கொட்டவே கூடாது.

இரண்டாவது, வடிகால். ஃபர்னஸின் அடியில், வடியும் தண்ணீர் கடந்துபோகும் டிராப் என்ற சிறு கிண்ணத்தில் வழுவழுப்பான பாசி சேர்ந்து தண்ணீர் தேங்கும். அதுவும் பிரஷர் சுவிட்ச் கோளாறாகவே தெரியும். செப்டெம்பரில் மின்சாரத்தை நிறுத்தி, டிராப்பைக் கழற்றிக் கழுவி, தண்ணீர் நிரப்பித் திரும்பப் பூட்டுங்கள். வடியும் தண்ணீரை இறைக்கும் கண்டென்சேட் பம்ப் இருந்தால் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி அது இறைக்கிறதா என்று பாருங்கள்.

பற்றிச் சில நொடியில் அணைந்து, மறுபடி பற்றி, சில முயற்சிக்குப் பிறகு அடங்கிப்போனால் சந்தேகம் ஃபிளேம் சென்சர் மேல் போகட்டும். சுடரில் நிற்கும் ஒரு மெல்லிய கம்பி அது. மேலே வெண்படலம் படிந்தால் சுடர் இருப்பதை ஃபர்னஸின் கட்டுப்பாட்டு போர்ட் அறியாது. மின்சாரம், எரிவாயு இரண்டையும் நிறுத்தி, ஒரேயொரு ஸ்குரூவைக் கழற்றி, நுண்ணிய ஸ்டீல் வூலால் மெதுவாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் போதும். மண்தாள் வேண்டாம், கம்பியில் கீறல் விழும். பக்கத்தில் சுடரைப் பற்றவைக்கும் இக்னைட்டரில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எளிதில் உடையும்.

இனி ஃபில்டர். இதில்தான் நம் வீடுகளில் அதிகம் தவறுகிறது. 16×25 அளவில் 1 அங்குல ஃபில்டர் என்றால் மெர்வ் 8 போதும். மெர்வ் எண் கூடக்கூட நுண்ணிய தூசியும் பிடிபடும். அதே 1 அங்குலத்தில் மெர்வ் 13 போட்டால் காற்று நெருக்கப்படும். குளிரில் வெப்பமாற்றி மிஞ்சிச் சூடாகி லிமிட் சுவிட்ச் எரிவை நிறுத்தும். கோடையில் குளிர்ச்சுருளில் ஐஸ் படரும். நுண்தூசியும் பிடிபட வேண்டுமென்றால் 4 அல்லது 5 அங்குல ஃபில்டர் பெட்டியைப் பொருத்துங்கள். இந்த அமைப்பில் மேலதிகமாகக் காசு போடத் தகுந்தது அதுதான். மீன் பொரியல், மிளகாய் வறுவல், சாம்பிராணிப் புகை உள்ள வீட்டில் ஃபில்டரில் எண்ணெய்ப்பசை ஏறும். தூசி அதில் அப்பிக்கொள்ளும். உறையில் மூன்று மாதம் என்று போட்டிருந்தாலும் 1 அங்குலத்தை மாதாமாதம் பார்த்து மாற்றுங்கள். அடுப்பின் மேலுள்ள ஹூட் காற்றைச் சுவருக்கு வெளியே தள்ளுகிறதா என்பதும் முக்கியம். வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடும் ஹூட் உதவாது. ஃபில்டரின் அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். காற்றை உள்ளிழுக்கும் கிரில்லைச் சாமித்தட்டாலோ சோஃபாவாலோ மறைக்காதீர்கள்.

ஈரப்பதத்தை வெளிக்குளிரோடு சேர்த்துக் குறைக்க வேண்டும். வெளியே −5 என்றால் உள்ளே 35 சதவீதம் தாங்கும். −20 என்றால் 25க்கு மேல் வைத்தால் யன்னலில் தண்ணீர் வழிந்து, சட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியுமிடிஃபையரின் பேட்டை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். கோடையில் அதன் காற்றுவழித் தட்டை (டாம்பர்) மூடாவிட்டால் குளிர்ந்த காற்றில் ஒரு பங்கு அந்த வழியே சுற்றிப்போகும்.

கோடைக்கு வேலை குறைவு. ஜூனில் பொப்லர் மரத்துப் பஞ்சு கண்டென்சரை மூடும். அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிஸ்கனெக்டை இழுத்துவிட்டு, தோட்டக் குழாயின் மெல்லிய ஓட்டத்தில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் தகட்டை மடக்கிவிடும். வெளியே 15 பாகைக்குக் கீழே இருக்கும்போது ஏசியை ஓட்டாதீர்கள்.

ஃபர்னஸ் எரிவாயுவில் எரிந்தாலும் மின்சாரம் இல்லாமல் ஓடாது. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தன. அப்படியொரு நாளில் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைத்தால் கார்பன் மோனாக்சைட்டால் உயிர் போகும். படுக்கையறைகளுக்கு அருகில் அதன் அலாரம் இருப்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர் படுக்கும் இடத்துக்கும் ஒன்று வேண்டும்.

எரிவாயுப் பக்கத்து வேலைக்கு ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏயில் பதிவுள்ள நிறுவனமே வர வேண்டும். 2018 மார்ச் முதல் ஒன்ராறியோவில் கதவைத் தட்டி ஃபர்னஸ், ஏசி விற்று ஒப்பந்தம் போடுவதே தடை. தனியே இருக்கும் முதியவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். புதிதாக வாங்கும்போது அளவைப் பெரிதாக்க விடாதீர்கள். மிகப்பெரிய ஃபர்னஸ் அடிக்கடி பற்றி அணைந்து, அறைகளை ஒருசீராகச் சூடாக்காது. சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனடியத் தரமுறையில் வீட்டின் வெப்ப இழப்புக் கணக்குப் போட்டுத் தருபவரிடம் விலை கேளுங்கள். பழைய ஃபர்னஸில் போட்டிருக்கும் அளவைப் பார்த்தே விலை சொல்பவரை அனுப்பிவிடலாம்.