ஹாபிலிடாட்சியோனா, ஜூனியர் பேராசிரியர் பதவியா?

ஜெர்மனியில் சமூக, பண்பாட்டு வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர் பேராசிரியர் ஆவதற்கான பழைய வழி ஹாபிலிடாட்சியோன்: இரண்டாவதாக ஒரு பெரிய ஆய்வு நூல், துறையினர் முன் ஓர் உரை, பிறகு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை. முதல் ஆய்வு 19ஆம் நூற்றாண்டுத் தொழிலாளர் பற்றியது என்றால், இரண்டாவது வேறு காலத்துக்கோ வேறு பொருளுக்கோ போயாக வேண்டும். புது ஆவணக் காப்பகம், சில நேரம் புது மொழி. ஆண்டுகள் கரைவது இங்கேதான்; தற்காலிக ஒப்பந்தத்துக்கோ முனைவர் பட்டத்துக்குப் பின் பொதுவாக 6 ஆண்டுதான் வரம்பு. முடித்தாலும் கிடைப்பது ‘பிரிவாட்டோட்சென்ட்’ என்ற பட்டம், வேலை அல்ல. அதைத் தக்கவைக்கப் பெரும்பாலும் சம்பளமில்லாமல் பாடம் எடுக்க வேண்டும் என்பதுதான் கொடுமை.

2002இல் வந்த ஜூனியர் பேராசிரியர் பதவியில் சம்பளம் உண்டு. 3 ஆண்டு, மதிப்பீடு, மறுபடி 3 ஆண்டு. ஆனால் வகுப்பும் குழுக் கூட்டமும் நூலைத் தள்ளிப்போடும். வரலாற்றுத் துறைத் தேர்வுக் குழுக்கள் இன்னும் அந்த இரண்டாம் நூலைத்தான் கேட்கின்றன. விளம்பரத்திலேயே ‘டெனியூர் டிராக்’ (மதிப்பீட்டில் தேறினால் நிரந்தரப் பதவி) என்று இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.