கோடே இல்லாத படம்: ஸ்கீமாஸ்பையோடு ஒரு வாரம்

போன மாதம் ஒரு பழைய பில்லிங் சாஃப்ட்வேர் என் தலையில் விழுந்தது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், 143 டேபிள். எழுதியவர்கள் விட்டுப்போனது ஒரு எக்செல் ஷீட் மட்டும். அதில் இருக்கும் டேபிள்களில் பாதி இப்போது கிடையாது. மவுஸைப் பிடித்துப் பெட்டி பெட்டியாக வரைய எனக்குப் பொறுமை போதாது. டேட்டாபேஸைப் படித்து, டேபிள்களைப் பெட்டிகளாகவும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளைக் கோடுகளாகவும் தானே வரைந்து வெப் பக்கங்களாகத் தரும் ஸ்கீமாஸ்பையை இறக்கினேன். காசு கிடையாது.

ஒரு ஜார் ஃபைல், அதை ஓட்ட ஜாவா, டேட்டாபேஸோடு பேச ஜேடிபிசி டிரைவர், படம் வரைய கிராஃப்விஸ். டேட்டாபேஸ் வகை, ஹோஸ்ட், யூசர், எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்று டெர்மினலில் ஒரே வரி. பாஸ்வேர்டை மட்டும் அந்த வரியில் அடிக்காதீர்கள். நான் அடித்தேன், ஷெல் ஹிஸ்டரியில் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்டு வாங்கிக்கொள்ளும் ஆப்ஷன் இருப்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

பிரவுசரில் திறந்தால் ஒரு கோடு கூட இல்லை. 143 டேபிளும் 'ஆர்ஃபன் டேபிள்ஸ்' (உறவில்லாத டேபிள்கள்) பக்கத்தில், சண்டை போட்ட சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் உட்கார்ந்த மாதிரி தனித்தனியாக. ஜாரைத் திட்டிவிட்டுத் தேடினால், எல்லாமே மைஐஎஸ்ஏஎம் என்ற ஸ்டோரேஜ் எஞ்சினில் இருக்கும் டேபிள்கள். அந்த எஞ்சினிடம் ஃபாரின் கீ (இந்த ஃபீல்டு அந்த டேபிளைக் குறிக்கிறது என்னும் உறவு) எழுதிக் கொடுத்தால் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் எங்கேயும் வைத்துக்கொள்ளாது. டேட்டாபேஸில் இல்லாத கோட்டை ஸ்கீமாஸ்பை எங்கிருந்து வரையும்?

பெயரை வைத்து உறவை ஊகித்துப் புள்ளிக்கோடு போடும் வசதி அதில் உண்டு. ஆனால் ஒரு டேபிளின் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் ஃபீல்டு) பெயரிலேயே இன்னொரு டேபிளில் ஃபீல்டு இருக்க வேண்டும். இங்கே எல்லா பிரைமரி கீக்கும் 'ஐடி' என்றே பெயர். சரி, ரெயில்ஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கின் பெயர்முறையைப் பின்பற்றும் ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டினேன். 'கஸ்டமர் ஐடி' ஃபீல்டைப் பார்த்தால் 'கஸ்டமர்ஸ்' டேபிளைத் தேடிப் போகும். கோடுகள் முளைத்தன! அதிலும் சிக்காதவற்றை மெட்டா ஃபைல் என்னும் எக்ஸ்எம்எல்லில் கையால் எழுதினேன். இரண்டு நாள் பிடித்தது.

மொத்தப் படம் எதற்கும் உதவாது, அது நூடுல்ஸ். ஒவ்வொரு டேபிளுக்கும் அதைத் தொட்டவை, அவற்றைத் தொட்டவை என்று தனியாக வரும் படம்தான் வேலைக்கு ஆகும். எனக்குப் பிடித்தது 'அனாமலீஸ்' (கோளாறுகள்) பக்கம். போன்1, போன்2, போன்3 என்று நம்பர் போட்டு வளர்த்த ஃபீல்டுகளையும், 'நல்' (NULL, மதிப்பு இல்லை) என்ற வார்த்தையையே டீஃபால்ட்டாக வைத்த ஃபீல்டுகளையும் வரிசையாகக் காட்டிக்கொடுக்கிறது. புதிதாக டேபிள் டிசைன் செய்ய நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். இருப்பதை வரைவது மட்டும்தான் இதன் வேலை.

இன்வாய்ஸ் டேபிளின் படத்தை ஏ3 தாளில் எடுத்து மேசைக்கு எதிரே ஒட்டினேன். அக்கவுண்ட்ஸ் அக்கா போகிறபோக்கில் பார்த்துவிட்டு, "கிரெடிட் நோட்டு எதுலயும் சேராம நிக்குதே தம்பி?" என்றார். மெட்டா ஃபைலைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு வரியைத்தான் விட்டிருந்தேன்.