தலைப்பை மறுக்கும் தளம் அடுத்து என்ன சொல்ல வேண்டும்?

பதுளைப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் ஒருவர், கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாக வருவதைப் பார்க்கிறார். கேள்வி-பதில் தளமொன்றில் 'தேயிலையில் பிரச்சினை' என்று தலைப்புப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தளம் ஏற்கவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. அப்படியொரு தலைப்பைப் பார்த்து விஷயம் தெரிந்தவர் யாரும் உள்ளே வரமாட்டார். மறுத்த பிறகு தளம் என்ன சொல்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

'தலைப்புச் செல்லாது' என்று ஒற்றை வரியில் முடிப்பது முதல் வழி. தளம் நடத்துபவருக்குச் சுலபம். நம்மவர் என்ன செய்வார்? 'பிரச்சினை'யைப் 'பிரச்சனை' ஆக்கி, இரண்டு ஆச்சரியக்குறி சேர்த்து மறுபடி அனுப்புவார். தளத்தின் சொல் சல்லடை 'பிரச்சினை' என்ற ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் தடுத்திருந்தால், அதுவும் உள்ளே போய்விடும்!

விதிகள் முழுவதையும் நீட்டிக் காட்டுவது இரண்டாவது. சின்னப் போனில் அதை யார் வாசிக்கிறார்கள்?

மூன்றாவதுதான் என் தேர்வு: எது இடிக்கிறது என்று தொட்டுக் காட்டி, திருத்த வழியும் சொல்வது. "பிரச்சினை என்று மட்டும் சொன்னால் புரியவில்லை. இலையில் என்ன தெரிகிறது, எப்போதிருந்து என்று எழுதுங்கள். உதாரணம்: மழைக்குப் பிறகு இளங்கொழுந்தில் வெள்ளைக் கொப்புளம், என்ன மருந்து அடிக்கலாம்?" இப்படி வந்தால், 1946இல் இலங்கைக்குள் நுழைந்த கொப்புள நோயாக இருக்கலாம் என்று தலைப்பிலேயே ஒருவர் பிடித்துவிடுவார். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைக்கச் சொல்லும் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியும் (WCAG) இதைத்தான் கேட்கிறது: பிழை எது என்று எழுத்தில் காட்டு (விதி 3.3.1), திருத்தம் தெரிந்தால் சொல் (3.3.3).

இப்போது நாலாவதாக, ஏஐயே தலைப்பை மாற்றி எழுதித் தருவதும் வந்திருக்கிறது. வசதிதான். ஆனால் 'கொழுந்து' என்று எழுதியதை அது 'இலை' என்று மாற்றிவிட்டால் காரியம் கெட்டது. கொப்புள நோய் பிடிப்பது இளசைத்தான், முற்றின இலையை அல்ல. யோசனையாகக் காட்டட்டும், ஏற்பதா விடுவதா என்று எழுதியவர் முடிவு செய்யட்டும்.

மூன்றாவது வழியிலும் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தலைப்புக்குக் குறைந்தது 15 எழுத்துக் கேட்கிறது. அதே அளவைத் தமிழுக்கு அப்படியே வைத்தால் என்ன ஆகும்? 'கொழுந்து கருகுது' நம் கணக்கில் 8 எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறியீடு என்பதால், இடைவெளியோடு 16. தாண்டிவிடும். 'தேயிலை நோய்' 11தான், தாண்டாது. 'இன்னும் 4 எழுத்து வேண்டும்' என்று மெசேஜ் வரும். ஆனால் 'மோ', 'கே' மாதிரி இரண்டு எழுத்துச் சேர்த்தாலே எண் நிரம்பிவிடும். எண்ணிப் பார்ப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? எண்ணைக் காட்டுவதென்றால் தமிழ் எழுத்தாக எண்ணிக் காட்டட்டும், இல்லாவிட்டால் எண்ணே வேண்டாம்.

அப்புறம், எந்த வழியானாலும் தலைப்பை மறுக்கும்போது கீழே டைப் பண்ணியது அழியக் கூடாது. மலை மறைவில் சிக்னல் வந்து வந்து போகிற, தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து அரைப் பக்கம் தமிழில் தட்டியவர், அது காணாமல் போனால் இரண்டாவது முறை எழுதமாட்டார்.